மங்கிய படத்தைத் துலக்க எது சரி: கிளாரிட்டியா, டிஹேஸா, அன்ஷார்ப் மாஸ்க்கா, இல்லை கைவேலையா?

"ஃபோகஸ் சரியாக இருக்கிறது, வெளிச்சமும் குறைவில்லை, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது." புதிதாக எடிட்டிங் பழகுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அதன் பின்னாலேயே கேள்விகளும் வரும். கிளாரிட்டியை ஏற்றவா, டெக்ஸ்ச்சரை ஏற்றவா, டிஹேஸா? லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா, காசில்லாத டார்க்டேபிள் போதாதா? போனில் ஸ்னாப்சீட் இருக்கிறதே, அதிலேயே முடித்துவிடலாமா?

கிளாரிட்டி, டெக்ஸ்ச்சர், டிஹேஸ் என்ற இந்த ஸ்லைடர்கள் எல்லாமே லோக்கல் கான்ட்ராஸ்ட்டைத்தான் தொடுகின்றன. சாதாரண கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் படம் முழுவதையும் ஒரே கணக்கில் பார்க்கும்: கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், வெள்ளையை இன்னும் வெளுப்பாக்கும். லோக்கல் கான்ட்ராஸ்ட் ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டு, அந்தச் சின்ன வேறுபாட்டைக் கூட்டும். கூட்டும் விதத்தில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் படும்போது யானைகளும் தவசிகளும் பாறையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் இருக்கும். பிற்பகலில் பாறை முழுக்க நிழலுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் எல்லாம் ஒரே சாம்பல்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று அளவுகளில் விவரம் கிடப்பது தெரியும். பெரிய யானையின் வயிற்று உருண்டை படத்தில் நூற்றுக்கணக்கான பிக்சல் அகலம். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகள் சில பத்து பிக்சல். கருங்கல்லின் புள்ளிகள் இரண்டு மூன்று பிக்சல்தான்.

எந்தக் கருவி என்ற கேள்விக்கு என் பதில் இந்த அளவுகளுக்குள் இருக்கிறது. படத்தில் எது மங்கியிருக்கிறது, அது எவ்வளவு பெரியது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் ஸ்லைடரின் பெயரும் மென்பொருளின் பெயரும் இரண்டாம்பட்சம்.

## தொடங்கும் முன்

சப்பென்று தெரியும் படங்கள் எல்லாவற்றுக்கும் லோக்கல் கான்ட்ராஸ்ட் தேவைப்படுவதில்லை. ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று பிக்சல்களின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். இடப்பக்க ஓரம் காலியாக இருந்தால் பிளாக்ஸ் ஸ்லைடரை இறக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். போன் படம் என்றால் லென்ஸில் விரல் ரேகை படிந்திருந்ததா என்றும் யோசியுங்கள். அந்த மங்கலை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. அடுத்த முறை சட்டை நுனியால் துடைத்துவிட்டு எடுப்பதுதான் வழி.

இன்னொரு வழக்கமான காரணம் நாமே செய்துகொள்வது. ஹைலைட்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி, ஷேடோஸை உச்சிக்கு ஏற்றி, படத்தைத் தட்டையாக்கிவிட்டு, அப்புறம் அந்தத் தட்டையைச் சரிசெய்யக் கிளாரிட்டியைத் தேடுவது. முதல் இரண்டையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், கிளாரிட்டியே வேண்டியிருக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்கள். முதலாவது, மேலே சொன்ன அளவு: கருவி எந்த அகலத்து விவரத்தைத் தூக்குகிறது?

இரண்டாவது, ஹேலோ. இருண்ட கோபுரமும் வெளிறிய வானமும் சேரும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுமே, அதுதான். இரண்டு சாம்பல் நிறங்கள் சேரும் இடத்தில், இல்லாத பட்டைகளை நம் கண்ணே உண்டாக்கிக்கொள்கிறது என்று எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே விவரித்திருக்கிறார். லோக்கல் கான்ட்ராஸ்ட் கருவிகள் அந்தப் பட்டைகளை நிஜமாகவே வரைந்து கண்ணை நம்ப வைக்கின்றன. அளவோடு வரைந்தால் கண் அதைத் துலக்கம் என்று எடுத்துக்கொள்ளும். மிஞ்சினால் கோடாகவே பார்த்துவிடும்.

மூன்றாவது, கூடவே வரும் வேண்டாத மாற்றங்கள்: நாய்ஸ் (மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) ஏறுவது, நிறம் மாறுவது, தோல் கெடுவது. நான்காவது, நாளைக்குத் திரும்பி வந்து மாற்ற முடியுமா என்பது. ஐந்தாவது, பணமும் நேரமும். இதில் பணத்தை எல்லோரும் கேட்கிறார்கள், நேரத்தை யாரும் கேட்பதில்லை.

## லைட்ரூமின் கிளாரிட்டியும் டெக்ஸ்ச்சரும்

கிளாரிட்டி 2007இல் லைட்ரூம் 1.1இல் வந்தது. 2012இல் லைட்ரூம் 4 வந்தபோது உள்ளே இருந்த கணக்கே மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு சில்வைன் பாரி, சாமுவேல் ஹாசினாஃப், யான் காட்ஸ் மூவரும் வெளியிட்ட லோக்கல் லாப்லாசியன் என்ற முறை இதற்கு அடிப்படை. அது செய்வது எளிமையாகச் சொன்னால் இதுதான்: பக்கத்துப் பக்கத்து வெளிச்ச வேறுபாடு சிறியதாக இருந்தால் அது விவரம், கூட்டு, பெரியதாக இருந்தால் அது விளிம்பு, தொடாதே. அதனால்தான் விலா எலும்புகள் எழும்பும்போதும் பாறைக்கும் வானத்துக்கும் நடுவே கோடு விழுவது குறைவு. குறைவுதான், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 60, 70ஐத் தாண்டினால் பனைமரங்களைச் சுற்றி வெளிச்சம் கசிவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கிளாரிட்டி முக்கியமாக நடுத்தர வெளிச்சப் பகுதிகளில், நடுத்தர அளவு விவரத்தில் வேலை செய்யும். நிழலில் இருக்கும் கற்சிற்பம், மரப்பட்டை, மேகம், ஓட்டுக் கூரை எல்லாம் இதற்கு ஏற்றவை. 15 முதல் 30 வரை போதும். ஏற்ற ஏற்ற நிறம் சற்று வெளுத்ததுபோல் தெரியும். நிறத்தைக் கூட்டும் வைப்ரன்ஸில் ஐந்தாறு சேர்த்தால் ஈடாகிவிடும்.

டெக்ஸ்ச்சர் 2019 மே மாதம் வந்தது. முதலில் தோலை மென்மையாக்கும் கருவியாகத்தான் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். எதிர்த் திசையில் தள்ளினால் விவரம் கூடும் என்பதால் இருபக்க ஸ்லைடராக ஆனது. இது கிளாரிட்டியைவிடச் சிறிய விவரத்தைத் தொடுவது. பட்டுப் புடவையின் ஜரிகை, தலைமுடி, பறவையின் இறகு இவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. நிறத்தையும் மொத்த வெளிச்சத்தையும் பெரிதாகக் கலைப்பதில்லை.

ஆனால் கருங்கல்லில் ஏமாற்றும். கருங்கல்லுக்கு இயற்கையிலேயே கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. டெக்ஸ்ச்சரை ஏற்றினால் அந்தப் புள்ளிகள்தான் முதலில் தூக்கிக்கொண்டு வரும். உருவம் புள்ளிக்குள் புதைந்துவிடும். அர்ச்சுனன் தபசில் யானையின் காலருகே எலிகள் சூழ நின்று தவம் செய்யும் பூனையைத் தேடுகிறவருக்கு இது உதவாது. அங்கே டெக்ஸ்ச்சரை 10 இறக்கிவிட்டுக் கிளாரிட்டியை 25 ஏற்றுங்கள். பூனை வெளியே வரும்.

முகத்துக்குக் கிளாரிட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. நம் மாநிறத் தோலில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் நெற்றியிலும் மூக்கிலும் ஒரு மினுக்கம் இருக்கும். கிளாரிட்டி அதைத் திட்டுத் திட்டாக்கும், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலைக் கருவளையமாக்கும். மாலை, நகை, புடவையில் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏற்றுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். 2021 அக்டோபரில் மாஸ்க் வசதி புதிதாக மாறிய பிறகு, ஆளைத் தனியாகவும் வானத்தைத் தனியாகவும் தேர்ந்தெடுப்பது ஒரே கிளிக் வேலை.

ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை, லைட்ரூம் தொடுவதே இல்லை என்பதால் பத்து வருடம் கழித்தும் ஸ்லைடரைத் திருப்பிவிடலாம், அந்த மென்பொருள் கையில் இருக்கும்வரை. அங்கேதான் மறைந்திருக்கும் செலவு. சந்தா நின்றால் டெவலப் என்ற திருத்தும் பக்கமும் பூட்டிக்கொள்ளும். ஏற்றுமதி செய்த படங்கள் இருக்கும், திருத்தும் வசதி இருக்காது. வருடத்துக்கு நாலு முறை கேமராவைத் தொடுகிறவர் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

## டிஹேஸ்

இது 2015இல் வந்தது. தொட்டபெட்டாவிலிருந்து எடுத்த மலைப்படம், மார்கழிப் பனியில் எடுத்த வயல், விமான ஜன்னல் வழியாக எடுத்த கடற்கரை இவற்றுக்காகவே செய்தது. மூட்டம் என்பது படத்தின் மேல் படிந்த ஒரு வெளிறிய பூச்சு. தூரம் கூடக் கூடப் பூச்சு தடிக்கும். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானம் தவிர்த்து எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு பிக்சலில் மிக இருட்டாக இருக்கும் என்பது கைமிங் ஹே, ஜியான் சன், ஷியாவூ டாங் 2009இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். அந்த இருட்டு இல்லாத இடத்தில் மூட்டம் இருக்கிறது என்று கணித்து, அவ்வளவைக் கழித்துவிடலாம். டார்க்டேபிளின் மூட்ட நீக்கம் இந்த வழியில்தான் நடக்கிறது.

டிஹேஸ் மிகப் பெரிய அளவில் வேலை செய்யும், யானை வயிற்றைவிடப் பெரிது. அதனால் சின்ன விவரம் மங்கிய படத்துக்கு இதைப் போட்டால் படம் இருண்டு, நிறம் ஏறி, சிற்பம் அப்படியேதான் இருக்கும். வானத்தில் நீலம் மைபோல் கெட்டிப்படும். சென்சாரில் ஒட்டியிருந்த தூசு, லென்ஸின் ஓர இருட்டு, அதுவரை தெரியாத எல்லாம் தெரியும். ஜேபெக் படமாக இருந்தால் வானத்தில் படிப்படியாகப் பட்டை விழும். ஜேபெக்கின் 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா ஃபைலில் 16,384. இழுக்க இழுக்க அந்த வித்தியாசம் தெரியும்.

மூட்டத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீலகிரி நீலமாக இருப்பதே அந்தத் தூரத்துப் பூச்சால்தான். முன்னால் இருக்கும் மலைக்கு 20, நடுவில் உள்ளதற்கு 10, கடைசி வரிசைக்கு ஒன்றும் வேண்டாம் என்று மாஸ்க்கில் பிரித்துப் போட்டால் ஆழம் கூடும். முழுப்படத்துக்கும் 40 போட்டால் எல்லா மலையும் ஒரே தூரத்துக்கு வந்துவிடும்.

## அன்ஷார்ப் மாஸ்க், ஹை பாஸ்

டிஜிட்டலுக்கு வெகு முன்பே இருட்டறையில் இருந்த உத்தி இது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிடுவார்கள். ஃபோட்டோஷாப்பும் இலவச மென்பொருளான கிம்ப்பும் அதையே எண்களால் செய்கின்றன: படத்திலிருந்து அதன் மங்கல் பிரதியைக் கழித்து, மிஞ்சியதில் ஒரு பங்கைத் திரும்பச் சேர்க்கின்றன. எவ்வளவு அகலத்துக்கு மங்கலாக்குவது என்பது ரேடியஸ், எவ்வளவு பங்கைச் சேர்ப்பது என்பது அமவுன்ட், எவ்வளவு சின்ன வேறுபாட்டைத் தொடாமல் விடுவது என்பது த்ரெஷோல்ட். ரேடியஸ் 1, 2 என்று சிறிதாக வைத்தால் ஷார்ப்பனிங். ரேடியஸைப் பெரிதாக்கி அமவுன்ட்டைக் குறைத்தால் லோக்கல் கான்ட்ராஸ்ட்.

இதற்கு எல்லா இடத்திலும் சுற்றும் ஒரு பழைய கணக்கு உண்டு: அமவுன்ட் 20, ரேடியஸ் 50, த்ரெஷோல்ட் 0. அதை அப்படியே போடாதீர்கள். 6 மெகாபிக்சல் காலத்தில் பிரபலமான எண் அது. 2003இல் வந்த கேனான் 10டி கேமராவின் படம் 3072 × 2048 பிக்சல். 50 பிக்சல் என்றால் அகலத்தில் ஒன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். இன்றைய 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000. அதே விளைவு வேண்டுமானால் ரேடியஸ் 100க்குப் பக்கத்தில் வர வேண்டும். கிம்ப்பில் அமவுன்ட் சதவீதமாக இருக்காது. 20 என்பதற்கு 0.2 என்று போட வேண்டும்.

ரேடியஸை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். லைட்ரூம் அந்த உரிமையைத் தருவதில்லை. யானை வயிறு வேண்டுமா, 150. விலா எலும்பு வேண்டுமா, 40. இரண்டும் வேண்டுமானால் இரண்டு முறை.

பலவீனம் ஹேலோ. இந்தக் கணக்குக்கு விளிம்பு எது, விவரம் எது என்று தெரியாது. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் வானம் 200, கோபுரம் 60 என்று வைத்துக்கொள்வோம். சரியாக விளிம்பில் மங்கல் பிரதியின் மதிப்பு இரண்டுக்கும் நடுவே, 130. வித்தியாசம் 70, அதில் 20 சதவீதம் 14. ஆக விளிம்பை ஒட்டிய வானம் 214 ஆகிறது, கோபுரம் 46 ஆகிறது. வானம் முதலிலேயே 245 என்றால் அது 255ஐத் தொட்டு முழு வெள்ளையாகிவிடும்.

சமாளிக்க வழி இருக்கிறது. கண்ணை உறுத்துவது பெரும்பாலும் வெளிச்சப் பக்கத்து ஹேலோதான், இருட்டுப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் திருத்திய லேயரை (படத்தின் மேல் வைக்கும் அடுக்கை) இரண்டாகப் பிரதியெடுத்து, ஒன்றை இருளும் இடத்தில் மட்டும் தெரியும் டார்க்கன் முறையில் முழு அளவிலும் இன்னொன்றை வெளுக்கும் இடத்தில் மட்டும் தெரியும் லைட்டன் முறையில் 40 சதவீதத்திலும் வையுங்கள். நிறம் பிசகாமல் இருக்க, அடியில் அசல் லேயரின் பிரதி ஒன்றையும் சேர்த்து மூன்றையும் ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்பை வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஹை பாஸ் இதன் உடன்பிறப்பு. அதே கழித்தல்தான், மிஞ்சியதைச் சாம்பல் லேயராகத் தரும், அதை நாம் சாஃப்ட் லைட்டிலோ ஓவர்லேயிலோ கலக்கிறோம். அந்தக் கலவை முறைகள் மிக இருண்ட, மிக வெளிறிய இடங்களில் தானாகவே அடங்கிப்போவதால் வெள்ளை வெடிப்பது குறைவு. இரண்டில் எனக்கு இதுதான் பிடிக்கும். கிம்ப்பில் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ஹை பாஸ் உள்ளேயே இருக்கிறது.

திரும்ப மாற்றும் விஷயத்தில் ஃபோட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டுச் செய்தால் எண்கள் அழியாது. கிம்ப்பில் 2025இல் வந்த 3.0 முதல் ஃபில்டரை லேயரோடு ஒட்டி வைத்துப் பிறகு திருத்த முடியும். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர் அசல் லேயரின் பிரதியில் மட்டுமே செய்ய வேண்டும்.

## டார்க்டேபிள்

காசில்லை, சந்தா இல்லை, ரா ஃபைலைத் தொடாது. லோக்கல் கான்ட்ராஸ்ட் என்றே ஒரு மாட்யூல் (தனிக் கருவி) இருக்கிறது, அதற்குள்ளும் லைட்ரூம் பயன்படுத்தும் அதே லோக்கல் லாப்லாசியன் முறைதான் இயல்பாக அமைந்திருக்கிறது. டீடெய்ல், ஹைலைட், ஷேடோ, மிட்டோன் வீச்சு என்று தனித்தனியாகத் திருகலாம். கிளாரிட்டி ஒரே ஸ்லைடரில் மூடி வைப்பதை இது திறந்து கையில் கொடுக்கிறது. தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

செலவு நேரம்தான். மாட்யூல்கள் எண்ணிக்கை அதிகம், ஒரே வேலையை மூன்று மாட்யூல்கள் செய்யும், எதை முதலில் தொடுவது என்று பழகவே சில வாரங்கள் ஆகும். 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பில் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் என்ற ஒன்று சேர்ந்தது. அதில் லோக்கல் கான்ட்ராஸ்ட்டுக்கென்று ஒரு பிரீசெட் உண்டு, விளைவு மிக இயற்கையாக இருக்கும், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி திணறிவிடும். பழைய கணினி வைத்திருப்பவர் பழைய மாட்யூலோடு நின்றுகொள்வது நல்லது. கல்யாணத்துக்குப் போய் நூற்றுக்கணக்கான படங்களோடு வந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டியவர், அந்த வாரத்தில் இதைப் பழகத் தொடங்க வேண்டாம்.

## ஸ்னாப்சீட்டும் போன் படங்களும்

ஸ்னாப்சீட்டை 2011இல் செய்தது நிக் சாஃப்ட்வேர்; மறு ஆண்டு கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. டீடெய்ல்ஸ் என்ற இடத்தில் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என்று இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது ஸ்ட்ரக்சர். காசில்லை, பத்து வினாடி வேலை, கேமராவில் எடுத்துப் போனுக்கு மாற்றிய படத்துக்கு 15 முதல் 25 வரை வைத்தால் அழகாகவே இருக்கும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. போன் கேமரா ஷட்டரை அழுத்திய கணத்திலேயே பல படங்களைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, லோக்கல் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டித்தான் நமக்குத் தருகிறது. கூகுளின் எச்டிஆர் பிளஸ் முறையை விவரித்த 2016 கட்டுரையின் முதல் பெயரும் மேலே பார்த்த ஹாசினாஃப்தான்! ஆகப் போன் படத்தில் நாம் ஸ்ட்ரக்சர் ஏற்றுவது உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்புப் போடுவது. கேமராவின் ரா ஃபைலுக்கு 30 தாங்கும் என்றால் போன் ஜேபெக்குக்கு 10 போதும். மீறினால் இலைகள் எல்லாம் தகடு வெட்டியதுபோல் ஆகும், 8 × 8 பிக்சல் கட்டங்கள் வானத்தில் எட்டிப்பார்க்கும்.

## கிளாஹே (CLAHE)

இதைப் புகைப்படத்துக்காகப் பரிந்துரைக்கமாட்டேன். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஹிஸ்டோகிராமைத் தனியாக விரித்து, அளவுக்கு மீறிப் போகாமல் ஒரு வரம்பு கட்டும் முறை. மருத்துவப் படங்களுக்காக வளர்ந்தது. வெறுமையான சுவரிலும் வானத்திலும் நாய்ஸைக் கிளப்பிவிடும், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்ற உணர்வே போய்விடும்.

ஆனால் அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்க முடிந்தால் போதும் என்ற இடத்தில் இதற்கு நிகரில்லை: தேய்ந்த கல்வெட்டு, கறுத்த ஓலைச்சுவடி, மை மங்கிய பத்திரம். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் திறந்து, பிளாக் அளவு 127, ஸ்லோப் 3 என்ற இயல்பு எண்களோடு ஒருமுறை ஓட்டுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் பிளாக் அளவைக் குறையுங்கள்.

## கைவேலை: டாட்ஜ் அண்ட் பர்ன்

50 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர், கலவை முறை சாஃப்ட் லைட், ஓரம் மென்மையான பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் விழும் அளவு) 3 முதல் 5 சதவீதம். வெள்ளையால் தடவினால் அந்த இடம் வெளுக்கும், கறுப்பால் தடவினால் இருளும். கணக்கு ஏதும் இல்லை, எங்கே எவ்வளவு என்பதை நம் கண்ணே முடிவு செய்கிறது.

மற்ற எல்லாக் கருவிகளும் படத்தில் இருக்கும் வேறுபாட்டைத்தான் பெருக்க முடியும். நிழலில் எடுத்த சிற்பத்தில் யானை வயிற்றின் உருண்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றால், பெருக்க என்ன இருக்கிறது? கையால் அதை வரைய முடியும். காலை வெயில் விழுந்திருந்தால் எந்தப் பக்கம் வெளுத்திருக்கும் என்று யோசித்து, அந்தப் பக்கத்தை நாலு தடவல் வெளுக்க வைக்கலாம். முகத்திலும் இப்படித்தான்: கன்னத்தின் வளைவு, மூக்குத் தண்டு, கண்மணியின் ஒளி. கிளாரிட்டி தொட்டால் கெடும் அதே இடங்கள் இதில் அழகாக எழும்பும்.

ஹேலோ இல்லை, நாய்ஸ் பெரிதாக ஏறுவதில்லை, தனி லேயர் என்பதால் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். ஆனால் ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஓடிவிடும். ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் செய்யலாம், முகூர்த்தப் படங்கள் அத்தனைக்கும் முடியாது. ஆவணப் படமாகக் கொடுக்க வேண்டிய இடத்திலும் செய்யாதீர்கள். அங்கே இல்லாத வெளிச்சத்தை வரைவது பொய்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடும் விவர அளவு | ஹேலோ | கூடவே வரும் தொல்லை | நேரம், பணம் |
|---|---|---|---|---|
| கிளாரிட்டி | நடுத்தரம் | குறைவு | முகம் கெடும் | நொடிகள், சந்தா |
| டெக்ஸ்ச்சர் | சிறியது | மிகக் குறைவு | நாய்ஸ், கல்லின் புள்ளி | நொடிகள், சந்தா |
| டிஹேஸ் | மிகப் பெரியது | நடுத்தரம் | நிறம் ஏறும், தூசு தெரியும் | நொடிகள், சந்தா |
| அன்ஷார்ப் மாஸ்க், ஹை பாஸ் | நாம் வைப்பதுதான் | அதிகம் | வெள்ளை வெடிக்கும் | சில நிமிடம், கிம்ப்பில் இலவசம் |
| டார்க்டேபிள் | சிறியது முதல் பெரியது வரை | குறைவு | பழகும் காலம், கணினி வேகம் | சில நிமிடம், இலவசம் |
| ஸ்னாப்சீட் | சிறியது, நடுத்தரம் | நடுத்தரம் | போன் செய்ததோடு சேர்ந்து மிஞ்சும் | நொடிகள், இலவசம் |
| கிளாஹே | கட்டத்தின் அளவு | நடுத்தரம் | நாய்ஸ், செயற்கைத் தோற்றம் | நொடிகள், இலவசம் |
| கைவேலை | எதுவும் | இல்லை | பொறுமை | அரை மணி |

## படம் எங்கே போகப்போகிறது?

இதைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. 6000 பிக்சல் அகலப் படத்தை இன்ஸ்டாகிராமுக்காக 1080 ஆக்கினால் ஐந்தரை மடங்கு சுருங்குகிறது. 2 பிக்சல் விவரம் அரைப் பிக்சலுக்கும் கீழே போய் மறைந்துவிடும், 50 பிக்சல் விவரம் 9 பிக்சலாகத் தங்கும். அதாவது போனில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு டெக்ஸ்ச்சர் வீண், கிளாரிட்டியும் பெரிய ரேடியஸும்தான் மிஞ்சும். சுருக்கிய பிறகு ஒரு சின்ன ஷார்ப்பனிங் போட்டால் போதும்.

அச்சில் நிலைமை தலைகீழ். அதே படம் 18 அங்குல அகல ஆல்பத்தில் வந்தால் 50 பிக்சல் ஹேலோ ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலக் கோடு. கையில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் தெரியும். அங்கே கிளாரிட்டியைக் குறைத்து டெக்ஸ்ச்சரைக் கூட்டுங்கள். ஜரிகை இழை இழையாக நிற்கும்.

கல்யாண வேலை செய்கிறவர், வாராவாரம் நூற்றுக்கணக்கில் படம் கொடுக்கிறவர் லைட்ரூமுக்குச் சந்தா கட்டலாம். மிச்சமாகும் நேரமே அதைத் திருப்பித் தந்துவிடும். கோயில், கட்டடக்கலை, நிலக்காட்சி என்று நிதானமாக எடுப்பவருக்கு டார்க்டேபிளும் கிம்ப்பும் போதும், எந்தக் குறையும் வராது. கச்சேரி, கோயில் கருவறைப் பக்கம் என்று இருட்டில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்ததற்கு முதலில் நாய்ஸைக் குறைத்துவிட்டு, அப்புறம் பெரிய ரேடியஸில் மட்டும் தொடுங்கள். சிறிய அளவில் அங்கே இருப்பது பெரும்பாலும் நாய்ஸ்தான். போனோடு நிற்பவர் ஸ்னாப்சீட்டில் 10ஐத் தாண்ட வேண்டாம்.

ஆல்பத்துக்கு அனுப்பும் முன் தாள் எது என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். மேட் தாளில் கறுப்பு சற்று வெளிறி, கான்ட்ராஸ்ட் குறையும். திரையில் சரியாக இருப்பதைவிடக் கிளாரிட்டி ஐந்து பத்து கூடுதலாகவே தாங்கும். பளபளப்பான தாளில் திரையில் பார்த்ததெல்லாம், ஹேலோ உட்பட, அப்படியே வரும். இரண்டுக்கும் ஒரே ஃபைலை அனுப்பாமல் தனித்தனியாக ஏற்றுமதி செய்து, பெரிய ஆர்டருக்கு முன் 4 × 6 அளவில் ஒவ்வொரு தாளிலும் ஒன்று அச்சிட்டுப் பாருங்கள்.